வேலையாளுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்!



மகளுக்குக் கிடைத்த நியமனக் கடிதத்தின் பிரதியொன்றை இணைத்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். "மகள் உயர்தரம் முடித்துவிட்டு ஒரு துணிக்கடையின் கணக்குப் பகுதியில் சேர்ந்து பதினான்கு மாதமாகிறது. காலை எட்டரைக்குப் போனால் மாலையில்தான் வீடு வருவாள். கூடப் படித்த பிள்ளைக்கு வேறோர் இடத்தில் ஈ.பி.எப். கட்டுகிறார்கள். இவளுக்கு இல்லை. கேட்டதற்கு, 'நீங்கள் எம்ப்ளோயி இல்லை, ட்ரெய்னி' என்று சொன்னார்களாம். இரண்டுக்கும் வேலை செய்கிறவர் என்றுதானே பொருள்? இந்தப் பக்கத்தில் விளக்குவீர்களா?"

ஆங்கிலச் சொல்லைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும் இது பணத்தைப் பற்றிய கேள்வி. நம் வீடுகளில் கடைச் சிப்பந்தி முதல் கச்சேரி லிகிதர் வரை எல்லோரையும் "வேலை செய்யிறவங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வாய்ப்பேச்சுக்கு அது போதும். கையொப்பமிடும் கடிதத்தில் அப்படியல்ல. அங்கே எம்ப்ளோயி, வேர்க்கர், ஸ்டாப், ட்ரெய்னி, கெஷுவல், ஹெல்பர் என்று வரும் ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு கதவைத் திறக்கிறது, அல்லது மூடப் பார்க்கிறது.

முதலில் அந்த எம்ப்ளோயி. ஆங்கிலத்தில் சில சொற்கள் சோடியாக வரும். எம்ப்ளோயர் என்றால் வேலைக்கு அமர்த்துபவர். எம்ப்ளோயி என்றால் அமர்த்தப்பட்டவர். ட்ரெய்னர் பயிற்சி கொடுப்பவர். ட்ரெய்னி அதைப் பெறுபவர். இப்படி 'ஈ' என்ற ஓசையில் முடியும் சொற்கள் பிரெஞ்சு மொழியிலிருந்து நீதிமன்றத்தின் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தவை. ஆகவே ஒருவரை எம்ப்ளோயி என்று சொன்ன மாத்திரத்திலேயே அவருக்குப் பொறுப்பான இன்னொருவர் எதிரில் நிற்கிறார். சம்பளம் கொடுக்க வேண்டியவர், லீவு கொடுக்க வேண்டியவர், நிதி கட்ட வேண்டியவர் அவரே.

வேர்க்கர் என்ற சொல்லில் அந்த மற்றவர் இல்லை. உழைக்கிற எவரும் வேர்க்கர்தான். வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற விதவைத் தாயும் வேர்க்கர். ஆனால் அவர் எவருடைய எம்ப்ளோயியும் அல்லர். அவருக்கு முதலாளி அவரே.

நம் நாட்டுச் சட்டங்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 'பெண் வேர்க்கர்' என்று பேசுகிறது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டமோ 'வேர்க்மேன்' என்கிறது. மேன் என்று இருப்பதால் ஆண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மகளும் அந்தச் சட்டத்தில் வேர்க்மேன்தான்! 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் எம்ப்ளோயி என்ற சொல்லை எடுத்துக்கொண்டன. தமிழில் அதற்கு ஊழியர் என்று பெயர் வைத்தார்கள். பேச்சில் ஊழியர் என்றால் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் என்ற எண்ணம் நமக்கு. சட்டத்தில் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரும் ஊழியர், கொம்பனியின் முகாமையாளரும் ஊழியர்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ட்ரெய்னி என்று எழுதிவிட்டால் பிள்ளை ஊழியர் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. ஊழியர் சேமலாப நிதியைப் பொறுத்தவரை நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், கெஷுவல், தொழில் பயிலுநர், துண்டுக்கணக்கில் கூலி பெறுபவர் எல்லோரும் அடங்குவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அடங்குவர். "புரொபேஷன் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்வது நம் பஸார்களில் வழமையாகிவிட்டது. சட்டத்தில் அப்படிக் காத்திருக்க இடமில்லை. தகுதிகாண் காலத்தில் இருப்பவரும் ஊழியரே. அவரை நிரந்தரமாக்குவதா இல்லையா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அவர் வேலை செய்கிறார் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது.

எவ்வளவு பணம் என்று பாருங்கள். மாதச் சம்பளம் 30,000 ரூபா என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், 2,400 ரூபா. முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது 12 சதவீதம், 3,600 ரூபா. 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈ.டி.எப்.புக்கு, முதலாளி மட்டுமே போடுவது 3 சதவீதம், 900 ரூபா. முதலாளியின் பங்கு மாத்திரம் மாதத்துக்கு 4,500 ரூபா. பதினான்கு மாதத்துக்கு 63,000 ரூபா. ட்ரெய்னி என்ற சின்னச் சொல்லின் விலை அது.

சட்டம் கடிதத்தின் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்பவர் யார்? வேலையைச் சொல்லிக் கொடுத்து, பிழை பார்த்து, லீவு கொடுப்பவர் யார்? மேசையும் கணினியும் யாருடையவை? பிள்ளை தனக்குப் பதிலாகத் தங்கையை அனுப்ப முடியுமா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் அவர் யார் என்பதைத் தீர்மானிக்கும். பதினான்கு மாதமாகக் கணக்குப் புத்தகத்தைத் தனியே எழுதுகிற பிள்ளைக்கு எவர் என்ன பயிற்சி கொடுத்தார் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

அந்தச் சகோதரிக்குச் சொல்வது: நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, வருகைப் பதிவின் பிரதி ஏதும் இருந்தால் அது, இவற்றைப் பத்திரமாக வையுங்கள். முதலில் பிள்ளையின் வாப்பாவோ நானாவோ முதலாளியிடம் மரியாதையாகப் பேசிப் பார்க்கட்டும். பலருக்கு உண்மையிலேயே சட்டம் தெரியாது. தெரிந்தும் மறுத்தால் உங்கள் பிரதேசத்துத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை.

ஸ்டாப் என்ற சொல்லை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கூட்டத்தின் பெயர். ஓர் ஆளின் பெயரல்ல. "எங்கட கடையில ஒரு ஸ்டாப் வேலையை விட்டுட்டார்" என்று நாம் சொல்வது ஆங்கிலக்காரரின் காதுக்கு, "ஒரு குடும்பம் நேற்றுத் தலையிடியால் படுத்துவிட்டது" என்பது போலக் கேட்கும். ஸ்டாப் மெம்பர் என்பதே சரி. இதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆடைத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் என்றால் அலுவலகத்தில் இருப்பவர்கள். மெஷினில் இருக்கும் பெண்பிள்ளைகள் வேர்க்கர்ஸ். அரசாங்கத்திலோ ஸ்டாப் ஒபிஸர் என்றால் பதவிநிலை உத்தியோகத்தர், பெரிய கதிரை. ஆனால் சேமலாப நிதியின் கண்ணுக்குத் தொழிற்சாலையின் அந்த இரு சாராரும் எம்ப்ளோயிதான்.

கிளார்க் என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. பழைய ஐரோப்பாவில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தேவாலயத்து ஆட்கள். மதகுருவைக் குறித்த அதே சொல்தான் எழுதுகிறவருக்குப் பெயராகி, லிகிதர் ஆயிற்று. அமெரிக்காவில் அதே கிளார்க் கடையில் சாமான் விற்பவரையும் குறிக்கும். நம் அரசாங்கம் லிகிதரை முகாமைத்துவ உதவியாளர் ஆக்கியது; பியோனை கே.கே.எஸ். என்று அழைக்கிறோம். பெயர் ஏறியது, வேலை பெரிதாக மாறவில்லை. மாப்பிள்ளை பேச வருகிறவர்கள் ஆங்கிலப் பதவிப் பெயரை நீட்டி முழக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது!

நம் சகோதரிகள் பலருக்கு இதைவிட நெருக்கமான விடயம் தையல். அபாயா, ஸ்கார்ப், மணி வேலை என்று வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்! இவர்கள் எம்ப்ளோயியா, தனித்தொழில் செய்பவர்களா?

ஆங்கிலச் சட்ட மொழியில் இதற்கு இரண்டு சொற்றொடர்கள். கொன்ட்ராக்ட் ஒப் சேர்விஸ் என்பது ஒன்று. கொன்ட்ராக்ட் போ சேர்விஸஸ் என்பது மற்றது. பார்வைக்கு ஒரு சிறு இடைச்சொல்தான் வித்தியாசம். முதலாவதில் ஒருவர் தன் நேரத்தையும் உழைப்பையும் இன்னொருவரின் பொறுப்பில் கொடுக்கிறார். அவர் ஊழியர். இரண்டாவதில் ஒரு வேலையை முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறார். எப்போது தைத்தார், எவரைத் துணைக்கு வைத்தார் என்பது அவர் பாடு. அவர் ஊழியரல்ல, சேமலாப நிதியும் இல்லை, லீவும் இல்லை. ஆனால் விலையைத் தீர்மானிக்கும் உரிமையும், பத்துக் கடைகளுக்குத் தைக்கும் சுதந்திரமும் உண்டு.

இது மேல்நாட்டவர் கண்டுபிடித்த பாகுபாடு என்று எண்ண வேண்டாம். நமது பிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கூலிக்கு அமர்த்தப்படுபவரை இரண்டாகப் பிரித்துவிட்டன. அஜீர் காஸ் என்பவர் ஒருவருக்கென்று குறித்த காலத்துக்கு அமர்த்தப்பட்டவர். அவர் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவர். அன்று வேலை கொடுக்காதது அமர்த்தியவரின் குறை. அஜீர் முஷ்தரக் என்பவர் பலருக்கும் பொதுவானவர். அதற்கு நூல்களில் காட்டப்படும் உதாரணமே தையற்காரரும் சாயம் போடுபவரும்தான். அவர் வேலையை முடித்தால் கூலி. கையில் கொடுத்த துணி பழுதானால் யார் பொறுப்பு என்பதில் இருவருக்கும் சட்டம் வேறு; முஷ்தரக் விடயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு.

இன்றைய தொல்லை என்னவென்றால், சில கடைக்காரர்கள் இரண்டிலும் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்கிறார்கள். துணி அவர்களுடையது, நூல் அவர்களுடையது, அளவு அவர்களுடையது. வேறு கடைக்குத் தைக்கக் கூடாது என்ற நிபந்தனை வேறு. வியாழக்கிழமைக்குள் முடியாவிட்டால் கூலியில் வெட்டு. இந்த வகையில் அவர் காஸ். நிதி, லீவு என்று கேட்டால் மாத்திரம், "நீங்கள் சொந்தத் தொழில் செய்பவர்தானே" என்று முஷ்தரக் ஆக்கிவிடுவார்கள். இப்படி வேறு கடைக்குப் போகவும் விடாமல் கட்டி வைத்திருந்தால், நீங்கள் யார் என்பதைக் கடைக்காரரின் வாய் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதையும் தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். அது வேண்டாம், தனித்தொழிலாகவே இருக்கட்டும் என்பவர்கள் கூலியைத் துண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மத்யனில் அவரைக் கூலிக்கு அமர்த்தும்படி தகப்பனிடம் சொன்னது ஒரு பெண்பிள்ளை. பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று தகுதியையும் அவரே சொன்னார். அந்தத் தகப்பனாரோ காலத்தை எட்டு வருடம் என்று தெளிவாகப் பேசி, பத்தாக்குவதை அவர் விருப்பத்துக்கு விட்டார். வேலைக்கு ஆள் எடுக்கும்போது காலத்தையும் நிபந்தனையையும் வாயால் தெளிவாகச் சொல்வது நபிமார் காலத்து வழக்கம்.

இனி சேர்வன்ட். ஒரே சொல், இரண்டு முகம். பப்ளிக் சேர்வன்ட் என்றால் அரசாங்க உத்தியோகத்தர். சிவில் சேர்வன்ட் என்றால் ஊரே எழுந்து நிற்கும். டொமெஸ்டிக் சேர்வன்ட் என்றால் குசினிக்குப் பின்னால் பாய் விரிப்பவர். 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தில் வீட்டு வேலையாட்களும் கங்காணிமாரும் வீதி வேலைக் கூலிகளும் சேர்வன்ட் என்ற ஒரே கூடைக்குள் போடப்பட்டார்கள். 1871 இல் வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்யவென்றே தனிச் சட்டம் வந்தது. பாதுகாப்பைவிட வேலையாளைக் கண்காணிப்பதே அதன் நோக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வந்த நல்ல சட்டங்களோ அவரை வெளியே நிறுத்தின. சேமலாப நிதியிலிருந்து வீட்டு வேலை விலக்கப்பட்டது. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று ஏற்பாடு செய்தபோது, தனியார் வீட்டின் சேர்வன்டையும் சாரதியையும் பெயர் சொல்லியே விலக்கியது. பதினைந்து பேருக்குக் குறைந்த இடங்களுக்கும் அந்தச் சட்டம் இல்லை. சர்வதேச தொழில் அமைப்பு 2011 இல் 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியபோது டொமெஸ்டிக் வேர்க்கர் என்று எழுதியது சும்மாவல்ல. சேர்வன்ட் என்ற சொல்லில் எசமான் இருக்கிறார். ஹெல்பர் என்ற சொல்லில், சும்மா ஒத்தாசைக்கு வந்தவர் போன்ற தொனி இருக்கிறது. ஒத்தாசைக்கு யார் சம்பளம் பேசுவார்? வேர்க்கர் என்றால் வேலையும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, கூலியும் இருக்கிறது.

வெளிநாடு போகும் சகோதரிகளுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். ஏஜென்ஸியில் காட்டும் ஒப்பந்தத்தில் ஹவுஸ்மெய்ட் என்றிருந்தால் அது வீட்டைப் பராமரிப்பவர்: கூட்டுவது, கழுவுவது, துவைப்பது. குழந்தையைப் பார்ப்பவர் நானி. முதியவரை, நோயாளியைப் பார்ப்பவர் கெயார்கிவர். நர்ஸ் என்பவர் படித்துப் பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவர். கெயார்கிவர் வேலைக்கு அழைத்துவிட்டு ஊசி போடச் சொன்னால் மறுக்க வேண்டும். நம் ஊரில் ஆயா என்கிறோமே, அது போர்த்துக்கேயரிடமிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல்.

அரபுப் பிரதியிலும் இவை வெவ்வேறு சொற்கள். ஆமிலா மன்ஸிலிய்யா என்றால் வீட்டுத் தொழிலாளி. காதிமா என்றால் பணிவிடை செய்பவள். இதுதான் அங்குள்ள பேச்சில் கத்தாமா ஆகி நம் கிராமங்கள் வரை வந்திருக்கிறது. முரப்பியா என்றால் பிள்ளை வளர்ப்பவள். முமர்ரிழா தாதி. ஓதப் படித்த எந்தப் பெண்ணாலும் இந்த எழுத்துக்களைக் கூட்ட முடியும். ஸேர், ஸபர் இல்லாமல் அச்சிட்டிருப்பதால் தடுமாறலாம். ஊர் மௌலவியிடம் கொண்டுபோய் அந்த ஒரு வரியையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்ப் பிரதியில் ஒரு சொல்லும் அரபுப் பிரதியில் வேறு சொல்லும் இருந்தால் கையொப்பமிட அவசரப்படாதீர்கள்.

மூதூர் றிஸானா நபீக்கை நாம் மறக்கவில்லை. 2005 இல் வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டுடன், வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்கு அனுப்பப்பட்டார். போய்ச் சில வாரங்களுக்குள் நான்கு மாதக் கைக்குழந்தையின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை இறந்தது. 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. மொழிபெயர்ப்பு, சட்ட உதவி என்று அந்த வழக்கில் பேசப்பட்டவை பல. இந்தப் பக்கம் கேட்பது ஒன்றைத்தான். ஹவுஸ்மெய்ட் என்று எழுதி அனுப்பிய பிள்ளையின் மடியில், பயிற்சி ஏதுமின்றி ஒரு பால்குடிக் குழந்தையை வைத்தது எந்தச் சொல்லின் பேரில்?

நம் வீட்டுக் குசினியில் நிற்பவரை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? 'என் அடிமை' என்று சொல்ல வேண்டாம், 'என் பிள்ளை' என்பது போன்ற சொல்லைச் சொல்லுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அடிமைமுறை இருந்த காலத்திலேயே திருத்தியிருக்கிறார்கள். பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள் அந்த வீட்டில் ஒரு 'சீ' என்ற சொல்லைக்கூடக் கேட்டதில்லை. நாமோ நாற்பது வயதுப் பெண்ணை 'குட்டி' என்கிறோம். நம் பிள்ளைகளும் அவரை 'நீ, வா, போ' என்கின்றன. பெயரோடு அக்கா என்று சேர்த்துக் கூப்பிடச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. பாடசாலை வயதுப் பிள்ளையை வேலைக்கு வைப்பதோ பெயர் சம்பந்தப்பட்டதல்ல, குற்றம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது.

நிதியும் பணிக்கொடையும் இல்லாத இந்தச் சகோதரிக்கு இருப்பது நாம் பேசிக்கொள்ளும் பேச்சு ஒன்றுதான். அதை ஒரு தாளில் எழுதுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனையாம் திகதி, கிழமையில் எந்த நாள் ஓய்வு, தீபாவளிக்கோ வெசாக்குக்கோ பெருநாளுக்கோ ஊருக்குப் போக எத்தனை நாள், சுகமில்லாவிட்டால் மருந்துச் செலவு யாருடையது, பிள்ளை பார்ப்பதும் இந்தச் சம்பளத்துக்குள்ளா அல்லது தனியா. அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இரண்டு பிரதி. "சம்பளத்தைச் சேர்த்து வைத்துப் பிறகு மொத்தமாகத் தருகிறோம்" என்பது நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டாலும் வேண்டாம். அவர் பெயரிலேயே வங்கியில் ஒரு கணக்குத் திறந்து மாதாமாதம் போட்டு, புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.